ஆசிரியை பதில்கள்

கேள்வி: நானும் கணவரும் ஒரே ஆண்டில், ஒரே பதவியில் அரசுப் பள்ளியில் சேர்ந்தோம். இன்று அவரைவிட எனக்குச் சம்பளம் குறைவு. ஏன்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: ஊதிய அட்டவணையில் ஆண், பெண் பேதம் இல்லை அம்மா. உங்கள் பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். சொந்தக் காரணத்துக்கு எடுத்த ஊதியமில்லா விடுப்பு, ஆண்டு ஊதிய உயர்வைத் தள்ளிப்போட்டுவிடும். மாமியார் படுக்கையில் விழுந்தபோது எனக்கு 8 மாதம் அப்படித்தான் போயிற்று.

பிறகு தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தது, தொண்டிப் பக்கம். பாம்பனிலிருந்து இருட்டோடு பஸ் ஏறவேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ‘விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். விருப்பம் இருந்தது! என்னோடு சேர்ந்த ஆண் ஆசிரியர் போனார். இன்று அவருக்கு ஓய்வூதியமும் அதிகம்.

உங்களுக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்தால் மறுக்காதீர்கள். சமையலைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.