டாட்டூ குத்திறன், கேளுங்கோ

ஒன்பது வருஷமா யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன அறையில டாட்டூ குத்திறன். கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு சொன்னதுக்கு இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்துப்போட்டு ஏலுமானதுக்கு எழுதுறன்.

அண்ணை, நோகுமோ? உண்மையச் சொல்லுங்கோ.

நோகும். வெளிப்புயம் எண்டாத் தாங்கலாம், விலா, கணுக்கால், முழங்கை மடிப்பு எண்டா கதையை நிப்பாட்டிப்போட்டுப் பல்லைக் கடிப்பியள். வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு வாங்கோ. முதல்நாள் தண்ணி அடிச்சிட்டு வராதேங்கோ, ரத்தம் கூட வந்தா எனக்குத்தான் கரைச்சல்.

ஆழமாக் குத்தினா கனகாலம் நிக்குமோ?

இல்லை. மேல்தோல் கிட்டத்தட்ட ஒரு மாசத்தில உதிர்ந்து புதுசாகிடும், அதில குத்தினா இங்க்கும் சேர்ந்து போயிடும். அதுக்குக் கீழ இருக்கிற தோலிலதான் போகோணும், ஒண்டு ஒண்டரை மில்லிமீற்றர், அவ்வளவுதான். உடம்பு அதைப் பிறத்தியான் எண்டு நினைச்சுக் கிருமி தின்னுற கலங்களை அனுப்பும், அதுகள் விழுங்கிப்போட்டுச் செமிக்க ஏலாம அப்பிடியே கிடக்கும், டாட்டூ நிக்கிறது அதாலதான். அதுக்கும் கீழ கொழுப்புக்குள்ள இறக்கினா, கொப்பி ஒற்றையில மை ஊறின மாதிரி நீலமாப் பரவிடும், பேந்து ஒண்டும் செய்யேலாது.

அம்மாவின்ர பேரைத் தமிழில, மணிக்கட்டில, நல்ல சின்னனாப் போடலாமோ?

இந்தக் கேள்விதான் ஆகக்கூட வந்தது, அதால கொஞ்சம் நீட்டா எழுதுறன். எந்தக் கோடும் வருஷம் போகப்போகக் கொஞ்சம் தடிக்கும். இங்கிலிசு எழுத்து அதைத் தாங்கும், எங்கட எழுத்து முழுக்கச் சுழி. மூண்டு சுழி ண, ரெண்டு சுழி ன, ரெண்டையும் சின்னனாக் குத்தினா பத்து வருஷத்தில எது எதெண்டு தெரியாது. மேல வைக்கிற புள்ளி எழுத்தோட ஒட்டிப்போனா இன்னும் மோசம், ம் எல்லாம் ம ஆகிடும். அதால எழுத்து அரை அங்குல உயரமாவது இருக்கோணும் எண்டு நான் அடம்பிடிக்கிறனான், சிலபேர் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போயிருக்கினம், பரவாயில்லை.

அடுத்தது, எழுத்தை ஃபோனில கொப்பி பண்ணி அனுப்பேக்க பாத்து அனுப்புங்கோ. பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்டில அடிச்சதை அந்த ஃபொண்ட் இல்லாத இடத்தில திறந்தா வெறும் இங்கிலிசு எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் வரும். சில சொஃப்ட்வெயரில கொம்பு எழுத்துக்கு முன்னுக்கு நிக்காம பின்னுக்குப் போய் நிக்கும். தமிழ் தெரியாத ஆளுக்கு அது பிழையெண்டு எப்பிடித் தெரியும்? வெளிநாட்டில குத்திக்கொண்டு வந்த ஒரு தங்கச்சிக்கு அப்பிடித்தான், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கடைசியில பனையோலை ஒண்டு கீறி மூடிவிட்டனான்.

என்னைக் கேட்டா கையெழுத்துத்தான் வடிவு. அம்மா எழுதின கடிதம், கொப்பி, என்னவெண்டாலும் கொண்டாங்கோ, அப்பிடியே ஸ்டென்சில் எடுக்கலாம். ஒரு பெடியன் தாய் எழுதின கடைச்சிட்டையைக் கொண்டு வந்தவன், "செத்தல் மிளகாய் கால் கிலோ" எண்டு முழங்கைக்குக் கீழ குத்தியிருக்கிறான். அவ மிளகாய்க்குச் சின்ன ல போட்டிருந்தவா. திருத்தவோ எண்டு கேட்டன், கையை இழுத்துக்கொண்டான்.

காதலியின்ர பேர்?

ஆறு மாசம் கழிச்சு வாங்கோ தம்பி. லேசரில அழிக்கலாம்தான், ஆனா ஒருக்காப் போய் முடியிறேல்ல, ஆறு ஏழு வாரத்துக்கு ஒருக்கா எண்டு கன தரம் போகோணும். கறுப்பு கொஞ்சம் கெதியாப் போகும், பச்சையும் நீலமும் லேசில போகாது.

என்ர அம்மம்மாவுக்குக் கையில பச்சை இருந்தது. அதே மாதிரிக் குத்துவியளோ? (கனடாவில இருந்து)

கட்டாயம் அக்கா, எனக்கு இப்பிடி வேலை வந்தாச் சந்தோசம். டாட்டூ புதுப் பழக்கம் எண்டு ஏசுற ஆக்களுக்கு நான் காட்டுறதே அந்தப் பச்சையைத்தான். குறத்தியள் வீடு வீடா வந்து குத்தினவையள். மஞ்சளையும் அகத்தி இலையையும் சீலையில சுத்தி எரிச்ச கரியைக் குழைச்சு, ஊசியைச் சேர்த்துக் கட்டிக் குத்துறது. கரி கறுப்புத்தான், தோலுக்குள்ளால பாக்கேக்கதான் நீலப்பச்சையாத் தெரியும், அதாலதான் அந்தப் பேர். பழைய படம் இருந்தா அனுப்புங்கோ. புள்ளி கோணலா இருந்தாக் கோணலாவே குத்துவம், நேராக்கினா அது அம்மம்மாவின்ர இல்லை.

ஊசியால வருத்தம் வராதோ?

வரும், கவனமில்லாட்டி. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியில குறைஞ்சது ஏழு நாளெண்டாலும் உயிரோட கிடக்கும். ஆர் குத்தினாலும் ஊசி பைக்கற்றை உங்கட கண்ணுக்கு முன்னால உடைக்கச் சொல்லுங்கோ, இங்க் ஊத்துற மூடியும் புதுசா இருக்கோணும். உடைக்க மாட்டன் எண்டா எழும்பி வாங்கோ. குத்தின பிறகு ஒரு வருஷத்துக்கு ரத்தம் குடுக்காதேங்கோ.

ஓகஸ்டில ஊருக்கு வாறம், நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் வேல் ஒண்டு குத்தலாமோ?

எல்லாரும் இதைத்தான் கேக்கிறியள். குத்திப்போட்டு அடுத்த நாள் கோயில் வீதியில உருண்டு பிரதட்டை அடிக்கப் போனா பச்சைப் புண்ணில வீதி மண். கசூரினாக் கடலும் கீரிமலைக் கேணியும் அப்பிடித்தான், மூண்டு கிழமைக்குத் தண்ணியில ஊறக்கூடாது. திருவிழா 25 நாள், எல்லாத்தையும் முடிச்சுப்போட்டுப் போற கிழமை வாங்கோ. மஞ்சள், வேப்பெண்ணெய் ஒண்டும் பூசாதேங்கோ, சவர்க்காரம் போட்டுக் கழுவி ஒத்தி எடுத்தாக் காணும்.

புத்தர் போடுவியளோ?

இல்லை. 2014ல கையில புத்தர் டாட்டூவோட கட்டுநாயக்காவில வந்திறங்கின ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளையைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினவை. 2017ல உயர் நீதிமன்றம் அது பிழை, அவவுக்கு நட்டஈடு குடுங்கோ எண்டு சொன்னதும் உண்மைதான். எண்டாலும் அந்த மூண்டு வருஷ அலைச்சல் உங்களுக்கு என்னத்துக்கு?

இதில சீவிக்கலாமோ?

ஓகஸ்ட், டிசம்பரில ஓம். மற்ற மாசத்தில கல்யாண அட்டை கீறுறன். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்ததே, அப்பதான் பற்றரி மெசின் வாங்கினன், கடன் அண்மையிலதான் முடிஞ்சது.

சண்டை நேரம் செல் குண்டு பட்ட காயத் தழும்பை மூடலாமோ?

மூடலாம், ஆனா தழும்பில இங்க் சீராப் பிடிக்காது, ரெண்டு மூண்டு தரம் வரவேண்டி வரும். முதல்ல உங்கட கையில இருக்கிற பிசிஜி தடுப்பூசித் தழும்பைப் பாருங்கோ. அது தடிச்சு மேல வளர்ந்திருந்தா டாட்டூவும் அப்பிடி வளரலாம், வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். உள்ளுக்க செல் பீஸ் இன்னும் இருந்தா டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாங்கோ.

அப்பா 2009ல காணாமல் போனவர். பேரோட திகதியும் போடோணும், அம்மா வேண்டாம் எண்டுறா.

இப்பிடி ஐஞ்சாறு பேர் வந்திருக்கினம். காணாமல் போனவரின்ர பிறந்த திகதியை மட்டும் போட்டு, பக்கத்தில கோடும் இழுக்காம விட்டனான், கோடு இழுத்தா அங்கால ஒரு திகதி வரப்போகுது எண்டு ஆகிடும். அதிலை ஒராளின்ர அம்மா குத்தி முடியும் மட்டும் வெளியில வாங்கில இருந்தவா, முடிஞ்சாப்போல வந்து கையைப் பிடிச்சுப் பாத்திட்டு எழுத்துச் சரி எண்டா, அவ்வளவுதான். உங்கட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி. தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம், அண்டைக்கே குத்தோணும் எண்டில்லை.