பாக்டீரியாவின் வடிவத்தை மாற்றப் படிக்கப் போகிறாளாம்: கோட்டையூர் ஆச்சிக்குப் பதில்

வணக்கம் ஆச்சி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டாள், பயாலஜி-மேத்ஸ் குரூப். டாக்டர் படிப்பு வேண்டாம், மரபணுவைத் திருத்தி பாக்டீரியாவின் உருவத்தை மாற்றுகிற ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். அண்ணனோ (அவள் அப்பா) சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.டெக். பயோடெக்னாலஜி சீட்டுக்கு நன்கொடை பேசிக்கொண்டிருக்கிறார். "கிருமியோட உருவத்த மாத்துறதுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் அந்தப் படிப்புக்குப் போகட்டும். நன்கொடை மட்டும் கொடுக்காதீர்கள்.

அவள் எதைப் பார்த்து இப்படி ஆசைப்படுகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். 500 பாக்டீரியாவை வரிசையாக வைத்தால்தான் 1 மில்லிமீட்டர் வரும். அது குச்சி போல இருப்பதற்குக் காரணம் அதன் செல்சுவர். அந்தச் சுவர் எங்கே, எப்படி வளர வேண்டும் என்பதைச் செல்லுக்குள் இருக்கும் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறாரே, அந்த நூலின் வேலையை எம்ஆர்இ-பி என்ற புரதம் செய்கிறது. அது இல்லாவிட்டால் குச்சி உருண்டையாகிவிடும். எஃப்டிஎஸ்-இசட் என்று இன்னொரு புரதம், செல்லின் நடுவில் வளையமாகக் கூடி அதை இரண்டாகப் பிரிக்கிறது. அதைத் தடுத்தால் செல் பிரியாமல் நீண்டுகொண்டே போய் நூலிழை போல ஆகிவிடும்.

ஆனால் எஃப்டிஎஸ்-இசட் மரபணுவை அடியோடு நீக்கிவிட முடியாது, பாக்டீரியா செத்துப்போகும். ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. டி.என்.ஏ. சேதமானால், அதைச் சரிசெய்து முடிக்கும்வரை செல் பிரிவதை நிறுத்திவைக்க ஈ.கோலையிடமே ஒரு பிரேக் இருக்கிறது. சுல்-ஏ என்று பெயர். அந்த மரபணுவை எடுத்து, அரபினோஸ் என்ற சர்க்கரை கிடைத்தால் மட்டும் வேலை செய்யும்படி ஒரு சுவிட்சோடு இணைத்துவிடுகிறார்கள். செல்கள் வேண்டிய அளவு பெருகும்வரை சும்மா விட்டுவிட்டு, அப்புறம் சர்க்கரையைச் சேர்த்தால், பிரிவது நின்று நீள ஆரம்பிக்கும். கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில், மரபணுவை வெட்டாமலே அதன் வேலையை மட்டும் குறைத்துவைக்கவும் இப்போது முடிகிறது.

இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பதற்கு வருகிறேன். சில பாக்டீரியாக்கள் உணவு மிஞ்சினால் அதைப் பி.எச்.ஏ. என்ற பிளாஸ்டிக்காக மாற்றி, உடலுக்குள் மணிமணியாகச் சேமிக்கும். மண்ணில் மக்கிப்போகிற பிளாஸ்டிக் இது. செல் சின்னதாக இருந்தால் மணிகளுக்கு இடம் போதாது. பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்து ஆய்வுக்குழு ஒன்று செல்லை நீளமாகவும் பருமனாகவும் ஆக்கிப் பார்த்தது, உள்ளே அதிகம் சேர்ந்தது. பெரிய செல்கள் சீக்கிரம் அடியில் படிந்துவிடும் என்பதால், திரவத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவும் குறையும். தொழிற்சாலைக்கு அது நேரடி லாபம்.

மருத்துவத்திலும் இதற்கு வேலை இருக்கிறது. நடுவில் பிரிய வேண்டிய செல், 'மின்' (Min) என்று பெயரிட்ட மரபணுக்கள் கெட்டால் ஓரத்தில் பிரிந்து, குரோமோசோம் இல்லாத குட்டிச் செல்களை உதிர்க்கும். 1967லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். பெருக முடியாத அந்தக் குட்டிச் செல்லுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து அனுப்பும் முயற்சி ஆஸ்திரேலியாவில் நடந்துவருகிறது. வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் திருகு வடிவில் இருக்கும். மரபணுவை மாற்றி அதை நேராக்கியபோது, எலியின் வயிற்றில் முன்போல நிலைகொள்ள முடியாமல் திணறியது. வடிவத்தைக் கெடுத்தால் நோயையே தளர்த்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. பெனிசிலின் தாக்குவதும் செல்சுவர் கட்டும் புரதங்களைத்தான். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில் இது பொழுதுபோக்கு ஆராய்ச்சி இல்லை, ஆச்சி.

"ஆபத்தில்லையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகங்களில் பெரும்பாலும் கையாளுவது கே-12 என்ற ஈ.கோலை வகை. 1922ல் பிரித்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்திலேயே வளர்ந்ததால், மனிதக் குடலில் நிலைத்து வாழும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. மரபணு மாற்றிய நுண்ணுயிர்களுக்கு 1989 முதல் மத்திய அரசின் விதிகள் இருக்கின்றன. இந்த வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதைவிட அன்றாடம் அவள் கவனமாக இருக்க வேண்டியது நீராவியால் கிருமி நீக்கும் சூடான ஆட்டோகிளேவ், ஸ்பிரிட் விளக்கு, ரசாயனங்கள் இவற்றிடம்தான்.

சரி, பாதைக்கு வருவோம். இது நீளமான பாதை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பி.எஸ்சி. 3 வருடம், எம்.எஸ்சி. 2 வருடம், பிஎச்.டி. ஏறத்தாழ 5 வருடம். முடிக்கும்போது அவளுக்கு 27, 28 வயது ஆகிவிடும். ஆனால் கடைசி 5 வருடம் உங்கள் கைக்காசு போகாது. மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பெயரில் நடக்கும் நெட் தேர்விலோ மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேர்விலோ ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால், முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். 2023 ஜனவரியிலிருந்து இதுதான் அளவு. கல்யாணப் பேச்சு என்று கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். பிஎச்.டி. படிக்கும்போதே கல்யாணம் செய்துகொண்டு, ஆய்வையும் முடிக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரன் பார்க்கும்போது இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க (வட்டித் தொழில், வியாபாரம் செய்ய) போனவர்களைப் பல வருடம் பொறுத்துக் காத்திருந்த குடும்பங்கள் நம் பக்கத்துக் குடும்பங்கள். பெண்ணின் படிப்புக்கும் அந்தப் பொறுமையை வையுங்கள்.

முதலில் அவள் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத்தேர்வு எழுதட்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலிருந்தும் சமமாகக் கேள்வி வரும். பயாலஜி-மேத்ஸ் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வசதி, நம் ஊரில் பலர் இந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. திருவனந்தபுரமும் திருப்பதியும் நமக்கு எட்டுகிற தூரம். 5 வருடப் படிப்பு, கடைசி வருடம் முழுக்க ஆய்வு. நீட் எழுதச் சொல்லி வீட்டில் வற்புறுத்தினால் எழுதட்டும், பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அதற்காக ஒரு வருடத்தைக் கோச்சிங்கில் போட வேண்டாம்.

ஐசர் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, வேதியியல், எது கிடைத்தாலும் சேருங்கள். வேதியியல் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். எம்.எஸ்சி.க்கு நம் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் நல்ல உயிரியல் துறைகள் இருக்கின்றன. படிக்கும்போதே கோடை விடுமுறையில் இந்திய அறிவியல் அகாடமிகள் தரும் ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2 மாதம் ஒரு நிஜமான ஆய்வகத்தில் நின்று பார்த்தால், இது தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் குறைவுதான். பி.டெக். பயோடெக்னாலஜியோடு நிறுத்தினாலும் நிலைமை பெரிதாக மாறாது. நன்கொடை கொடுத்துச் சேர்ந்து, கடைசியில் ஐ.டி. வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலர். "பாக்டீரியா வடிவம்" என்ற பெயரில் எந்தக் கம்பெனியும் விளம்பரம் போடாது. தடுப்பூசி, இன்சுலின், நொதி தயாரிக்கும் கம்பெனிகள் தேடுவது, நல்ல பாக்டீரியா ரகத்தை உருவாக்கத் தெரிந்தவர், பெரிய தொட்டியில் வளர்க்கத் தெரிந்தவர், மைக்ராஸ்கோப் படங்களைக் கணினியில் அளந்து கணக்கெடுக்கத் தெரிந்தவர். அதனால் கணிதத்தை விடவே கூடாது. பைத்தான் என்ற கணினி மொழியை இப்போதே மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

இந்த வருடம் அவளுக்கு ஒரு சின்னச் சோதனை வையுங்கள். பள்ளி ஆசிரியரிடம் கேட்டு, தயிரைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, மெத்திலீன் நீலம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். ஆயில் இம்மர்ஷன் லென்ஸ் இருந்தால் நல்லது. குச்சியும் உருண்டையும் கலந்து தெரிய வேண்டும். முதல் தடவையில் சரியாக வராது. மறுபடி மறுபடி செய்து பார்க்கிறாளா, சலித்து எழுந்துவிடுகிறாளா என்று கவனியுங்கள். ஆய்வக வாழ்க்கையில் பாதிக்கு மேல் இந்த மறுபடி மறுபடிதான். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்துக்கும் ஒருமுறை கூட்டிப்போங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். அது மின்வேதியியல் நிறுவனம்தான், ஆனாலும் இரும்பை பாக்டீரியா அரிப்பது பற்றி அங்கே வேலை நடந்திருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்த இடத்தைப் பக்கத்துக் கோட்டையூர்ப் பிள்ளை பார்க்காமல் இருக்கலாமா?

இவ்வளவு சொல்லியும் அண்ணன் அந்தச் சென்னைக் கல்லூரியை விட மனமில்லாமல் இருந்தால், முன்பணம் கட்டும் முன் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை மாணவர்? டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷினை மாணவர்கள் தங்கள் கையால் இயக்குகிறார்களா, தள்ளி நின்று பார்க்கிறார்களா? கடைசி வருட புராஜெக்ட்டைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்கிறார்களா, வெளியே பணம் கொடுத்து வாங்குகிறார்களா? போன வருடம் படித்து முடித்தவர்களில் மேற்படிப்புக்குப் போனவர்கள் யார் யார்? பதிலை அலுவலக அறையில் கேட்க வேண்டாம், மூன்றாம் வருட மாணவிகள் இரண்டு பேரிடம் கேட்கட்டும். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், அதன்பின் பணத்தைப் பற்றிப் பேசலாம்.