பரம்பரை வீக்க நோய்க்கு அலர்ஜி ஊசி போதாதா?

சுங்கை சிப்புட் தோட்டத்தில் இருக்கும் தங்கைக்குப் பரம்பரை வீக்க நோய்க்காக (ஆஞ்சியோஎடீமா) ஐகாட்டிபன்ட் ஊசி கொடுத்திருக்கிறார்கள், பக்கத்துக் கிளினிக்கின் அலர்ஜி ஊசி போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சாதாரண அலர்ஜி வீக்கத்துக்குக் காரணம் உடலில் வெளியாகும் ஹிஸ்டமின் என்ற பொருள். இந்தப் பரம்பரை ஆஞ்சியோஎடீமாவில் வீங்கவைப்பது பிராடிகினின் என்ற வேறொரு பொருள். அதனால் அலர்ஜிக்குப் போடும் அட்ரினலின், ஸ்டீராய்டு எதுவும் இதில் எடுபடாது. ஐகாட்டிபன்ட், பிராடிகினின் போய் ஒட்டும் இடத்தையே அடைத்துவிடுகிறது.

பெரியவர்களுக்கு ஒரு ஊசி 30 மில்லிகிராம், 3 மில்லி மருந்து. தொப்புளுக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில், தோலுக்கு அடியில் மெதுவாக, குறைந்தது 30 வினாடி எடுத்துப் போட வேண்டும். போட்ட இடம் சிவந்து எரியும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். வீக்கம் குறையாவிட்டால் 6 மணி நேரம் கழித்து அடுத்தது. 24 மணி நேரத்தில் 3க்கு மேல் கூடாது.

மருந்தை 25 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது. தகரக் கூரை வீட்டு அலமாரி நம் வெயிலுக்குச் சரிவராது, ஐஸ்பெட்டியில் வையுங்கள். உறையும் தட்டில் மட்டும் வேண்டாம்.

தொண்டை வீங்கினாலோ குரல் மாறினாலோ ஊசியைப் போட்டுவிட்டு உடனே 999ஐ (ஆம்புலன்ஸ்) கூப்பிடுங்கள். குறைகிறதா பார்ப்போம் என்று வீட்டில் உட்காராதீர்கள். நோயின் பெயர் எழுதிய டாக்டர் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.