லேஸ் பின்னும் மரப் பாபின்களை (நூல் சுற்றிவைக்கும் சின்னக் குச்சிகளை) வீட்டு லேத்தில் கடைய முடியுமா? எனக்கு நடுவிலேயே ஒடிந்துபோகிறதே?

தாராளமாக முடியும். ஒடிகிறது என்றால் பெரும்பாலும் லேத்தின் பின்முனையை, அதாவது குச்சியின் மறுபக்கத்தைத் தாங்கும் பகுதியை, அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள். பென்சில் பருமன் தேறாத குச்சி அது. இரண்டு பக்கமும் நெருக்கினால் வில்லாக வளைந்து அதிரும், உளி பட்டதும் டக்கென்று போய்விடும். வழுக்காமல் சுற்றினால் போதும், அதற்கு மேல் இறுக்க வேண்டாம். இடது கை விரல்களால் குச்சிக்குப் பின்னால் லேசாக அணை கொடுங்கள். (பாதுகாப்புப் பாடம் எடுக்க வருபவர்களுக்கு: மெல்லிய கடைசலில் இது வழக்கமான முறைதான். கையுறை போடுவதுதான் ஆபத்து.) நூல் சுற்றும் கழுத்தைக் கடைசியில் கடையுங்கள். மரத்தின் ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக ஓட வேண்டும், குறுக்கே இறங்கினால் கழுத்தில்தான் ஒடியும்.

கொய்யா, பிளம், ஆப்பிள் போன்ற பழமரக் கிளைகள் நன்றாகக் காய்ந்திருந்தால் அருமையாக வரும். கருங்காலி, ஈட்டி என்றால் முகமூடி கட்டாயம், அந்தத் தூசி பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததே வேறு காரணத்துக்காக. என் அக்கா ஹானிட்டன் லேஸ் (இங்கிலாந்தின் ஹானிட்டன் ஊர்ப் பெயரில் வழங்கும் வகை) பின்னுகிறாள். அவளுக்காகக் கடைந்த பாபின்களைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். ஒருவர் வந்து, "மணி கோக்கவில்லை, வளையம் செதுக்கவில்லை, பாதி வேலையில் விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். அதற்கு நாற்பது பேர் சிரிப்பு வேறு! மணி வளையம் கோப்பது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பாபினில். அந்த எடை நூலை இழுத்துப் பிடிக்கும், லேஸை வைத்துப் பின்னும் தலையணையில் பாபினும் உருளாது. ஹானிட்டனில் பின்னி முடித்த பகுதியோடு புதியதை இணைக்கும்போது, கொக்கியால் இழுத்த சின்ன நூல் கண்ணிக்குள் பாபினே நுழைந்து வெளியே வர வேண்டும். அதனால்தான் வால் கூராக, உடம்பு வழவழப்பாக இருக்கிறது. அலங்காரம் செய்யத் தெரியாமல் விட்டதல்ல ஐயா.

அக்கா அழகைப் பார்ப்பதே இல்லை. கையில் வாங்கியதும் ஒரு பட்டு இழையைக் கழுத்தில் சுற்றி மெதுவாக இழுப்பாள். சிம்பு இருந்தால் இழை நின்றுவிடும், பாபின் என்னிடமே திரும்பி வரும். அந்தத் தொகுதியில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான்.

400 எண் உப்புத்தாள் வரை தேய்த்துவிட்டு, கடைந்தபோது உதிர்ந்த மரச் சுருளையே ஒரு பிடி எடுத்து ஓட்டத்திலேயே அழுத்தித் தேயுங்கள், பளபளப்பு வந்துவிடும். எண்ணெய் பூச வேண்டாம், வெள்ளை நூலில் கறை ஏறும். வார்னிஷும் கழுத்தில் கட்டி தட்டும்.

இன்னொன்று, வீட்டில் லேத் இருப்பதை ஊருக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் உறவுக்காரர்கள் ஆடுகிற நாற்காலிக் காலை எல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "உனக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே?" ஒருவர்கூட மரம் கொண்டு வந்ததில்லை.

சரி, நீங்கள் எந்த வகை லேஸுக்குக் கடைகிறீர்கள் என்று சொல்லவில்லையே? மிட்லண்ட்ஸ் வகை என்றால் 9, 10 செ.மீ. நீளம் வையுங்கள். ஜோடி ஜோடியாகத்தான் பயன்படும், எடையும் ஜோடிக்கு ஜோடி ஒத்துவர வேண்டும்.