பழைய போலோ கத்தி: துருவை எடுப்பதற்கு முன்

வணக்கம். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் பழைய சாமான் கடையில் வாங்கிய போலோ (அந்த நாட்டு நீளமான வெட்டுக்கத்தி) எந்த வகை, கிரைண்டர் போட்டுத் துருவை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கிரைண்டர் பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அலகின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது, மறுபக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கிறது. இலோய்லோ இருக்கும் விசாயாஸ் தீவுக் கொல்லர்களிடம் அதிகம் பார்க்கும் வேலை இது. வெட்டும் விளிம்பு நேராக ஓட, முதுகு நுனியில் சரிந்து இறங்குவதால் இதை 'கினுந்திங்' வகை என்றே சொல்வேன். 'குந்திங்' என்றால் அங்கே கத்தரிக்கோல். அதில் ஒரு பாதியைப் பிரித்து வைத்த மாதிரிதானே இருக்கிறது! அமெரிக்க ராணுவத்தின் 1909 மாடல் என்று கடைக்காரர் சொன்னதை விடுங்கள். அதில் அரசு முத்திரை இருக்கும், உங்களுடையதில் சுத்தியல் தடம்தான் தெரிகிறது.

உறையிலிருந்து உருவும்போது கூர் பக்கம் விரலை வைக்காதீர்கள். உறையின் பிரம்புக் கட்டு தளர்ந்திருந்தால் அதன் இரண்டு மரத்துண்டுக்கும் நடுவே அலகு வெளியே வந்துவிடும்.

அப்புறம், வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பாக ஒட்டினால் அது இன்னும் அரிக்கிற துரு. தையல் மிஷின் எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, 0000 எண் ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய இரும்பு நார்) நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். கறுத்த படலம் இருக்கட்டும், அதுதான் கத்தியின் வயது. கொம்புப் பிடியை வெந்நீரில் நனைக்க வேண்டாம், உள்ளே பிசின் வைத்து இறுக்கியிருந்தால் இளகிவிடும்.