கடையில வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு உடைஞ்சா நஷ்டஈடு கேக்கலாமா?

தாராளமா கேளுங்க. சூப்பர்மார்க்கெட்ல அப்பதான் துடைச்ச ஈரத் தரை, போர்டும் வைக்கலன்னு சொல்றீங்க, அது அவங்க கவனக்குறைவு தான், "பாத்து நடக்கணும்"னு மேனேஜர் சொன்னத கேட்டு விட்டுறாதீங்க.

இன்னைக்கே சிசிடிவி பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி எழுத்துல குடுங்க, நாள் போனா பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும். ஆஸ்பத்திரி சீட்டுல "கடையில வழுக்கி விழுந்தது"ன்னு இருக்கான்னும் பாருங்க, இது ரொம்ப முக்கியம்.

பேசி சரிவரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் இல்லாமலும் போடலாம்.

ஆனா அன்னைக்கு ஏதாவது வாங்கின பில் இருக்கா? இல்லன்னா நீங்க நுகர்வோரே இல்லன்னு வாதாடுவாங்க, அத ஆணையம் ஏத்துக்கிட்டா சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும், அது இழுத்தடிக்கும்.