வாளும் மந்திரமும் ஒரே கையில்: பாலடின் கேள்வி பதில்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம்) ஆடும்போது எனக்கு எப்போதும் பாலடின், அதாவது சபதம் எடுத்த புனித வீரன்தான். கேள்வி அனுப்பியவர்களில் அதிகம் பேர் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறவர்கள். அதனால் 2014 விதிகளை வைத்தே பதில் சொல்கிறேன். 2024 திருத்தத்தில் மாறியது முக்கியமாக இருந்தால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: அடிப்பதில் ஃபைட்டர் முந்துகிறார், குணப்படுத்துவதில் கிளெரிக் முந்துகிறார். நடுவில் நான் எதற்கு?

இந்த ஏக்கம் ஆறாவது லெவல் வரைதான். அங்கே ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன் வருகிறது. உங்களுக்கும், உங்களிடமிருந்து 10 அடிக்குள் நிற்கும் நண்பர்களுக்கும், ஒவ்வொரு சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) உங்கள் கரிஸ்மா மாடிஃபையர் (ஆளுமைப் புள்ளியிலிருந்து வரும் கூட்டல்) கூடும். கரிஸ்மா 16 என்றால் +3. இருபது முகப் பகடையில் அது 15 சதவீதப் புள்ளி. இதற்கு ஸ்லாட் (மந்திரம் போடும் கையிருப்பு) செலவில்லை, ஆக்‌ஷன் செலவில்லை; நீங்கள் நினைவோடு இருந்தால் போதும். ஃபைட்டரிடமும் கிளெரிக்கிடமும் இது கிடையாது. ஆகவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதே பாதி ஆட்டம். அதற்காக எல்லோரையும் முதுகோடு ஒட்டி நிற்கச் சொல்லிவிடாதீர்கள். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் ஆரம் 20 அடி. கூட்டமாக நின்றால் எதிரி மந்திரவாதிக்குக் கொண்டாட்டம்.

ஆறாவது லெவலுக்கு முன்பு? தொட்டுக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸ் இருக்கிறதே. லெவலுக்கு 5 புள்ளி, அதாவது நாலாவது லெவலில் 20. அதை மொத்தமாக ஒருவர் மேல் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. சுருண்டு விழுந்தவரை எழுப்ப 1 புள்ளி போதும். எழுந்தவர் தன் முறையில் மறுபடி அடிப்பார், அதுதானே வேண்டும்?

கேள்வி: முதல் சண்டையிலேயே ஸ்மைட் (ஸ்லாட்டைச் செலவழித்து அடிக்குக் கூடுதல் சேதம்) அடித்து எல்லா ஸ்லாட்டையும் தீர்த்துவிடுகிறேன். கிரிட்டிக்கலுக்காக (பகடையில் 20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) காத்திருக்க வேண்டுமா?

அடி விழுந்த பிறகு முடிவு செய்யலாம் என்பதுதான் ஸ்மைட்டின் அழகு. முதல் நிலை ஸ்லாட்டுக்கு எட்டு முகப் பகடை 2, சராசரி 9 சேதம். கிரிட்டிக்கல் என்றால் பகடை 4 ஆகிறது, சராசரி 18. ஆசை வருவது நியாயம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஐந்தாவது லெவலில் முறைக்கு இரண்டு அடி, நாலு சுற்றில் எட்டு அடி. அந்த எட்டில் ஒரு 20-ஆவது விழும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். காத்துக் காத்து சண்டையே முடிந்துவிடும்.

நான் பார்ப்பது வேறு: இந்த எதிரி இப்போது விழுந்தால் அவனுடைய அடுத்த முறை போய்விடுமா? போய்விடும் என்றால் தயங்காமல் ஸ்மைட். எதிரி அன்டெட் (செத்தும் நடமாடுவது) அல்லது ஃபீண்ட் (பிசாசு வகை) என்றால் கூடுதலாக ஒரு பகடை உண்டு, அங்கே கையைத் தாராளமாக வைக்கலாம். 2024 விதிகளில் ஸ்மைட் ஒரு மந்திரமாகி போனஸ் ஆக்‌ஷனையும் கேட்கிறது. முறைக்கு ஒன்றுதான், கையிருப்பை ஒரே மூச்சில் காலி செய்ய வழியில்லை.

கேள்வி: ஒரு கையில் வாள், மறு கையில் ஷீல்டு. கியூர் வூண்ட்ஸ் (காயம் ஆற்றும் மந்திரம்) போட முடியாது என்கிறார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). பிளெஸ் மட்டும் போடலாமாம். விளையாடுகிறாரா?

இல்லை, அவர் சொல்வது சரி. ஷீல்டில் புனிதச் சின்னம் பொறித்திருந்தால், பொருள் தேவைப்படும் மந்திரத்துக்கு அந்தக் கையே சைகையும் செய்யலாம். பிளெஸ்ஸுக்குப் பொருள் உண்டு. கியூர் வூண்ட்ஸுக்குச் சொல்லும் சைகையும் மட்டும்தான், அதனால் காலிக் கை வேண்டும். விசித்திரமான விதிதான். வாளை உறையில் போட்டுவிட்டு மந்திரம் சொல்லுங்கள், அல்லது வார் காஸ்டர் ஃபீட் (கை நிறைந்திருந்தாலும் சைகை செய்ய விடும் சிறப்புத் திறன்) எடுங்கள். பல டேபிள்களில் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

கேள்வி: பாலடினோடு சார்சரர் (பிறவி மந்திரவாதி) வகுப்பையும் கலக்கலாமா?

ஆறாவது லெவலுக்குப் பிறகு.

கேள்வி: எங்கள் ரோக் (திருடன் வகைக் கேரக்டர்) பிடிபட்டவனைச் சித்திரவதை செய்யப் பார்க்கிறார். என் சபதம் அனுமதிக்காது என்று தடுத்தேன். இப்போது டேபிளில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மேல் தப்பா?

இந்தச் சண்டைக்கு வயது அதிகம். 1975-இல் கிரேஹாக் துணைநூலில் வந்த முதல் பாலடினுக்குக் கரிஸ்மா 17 வேண்டும், லாஃபுல் (ஒழுங்கு பேணும் நெறி) ஆகவும் இருக்க வேண்டும். நெறி தவறினால் சக்தி போய்விடும். பிறகு நெடுங்காலம் லாஃபுல் குட் (ஒழுங்கோடு நன்மையும்) மட்டுமே. சக்தி போய்விடும் என்ற பயத்தில் பாலடின் ஆடுகிறவர் மற்ற எல்லோருக்கும் போலீஸ்காரர் ஆனார். 2008-இன் நாலாம் பதிப்பு அந்தக் கட்டைத் தளர்த்தியது. ஐந்தாம் பதிப்பில் மூன்றாவது லெவலில் நீங்களே ஒரு சபதம் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

நானும் ஒரு காலத்தில் போலீஸ்காரர்தான். ரோக் பூட்டைத் தொட்டாலே பிரசங்கம் ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் அந்த நண்பர், "உன் கேரக்டர் இருக்கும்போது என் கேரக்டருக்கு வேலையே இல்லை" என்றார். சுருக்கென்றது. அதன் பிறகு ஒரு மாற்றம் செய்தேன்: சபதத்தின் விலையை என் கேரக்டரே கொடுக்கட்டும். கைதியைத் தொடாதே என்று கத்துவதற்குப் பதில், இரவுக் காவலை நானே எடுத்துக்கொண்டு அவனிடம் பேசிப் பார்க்கிறேன், அவன் தப்பினால் பொறுப்பு என்னுடையது என்பேன். காட்சி நிற்காமல் ஓடும், ரோக்குக்கும் அதில் இடம் இருக்கும்.

உங்கள் விஷயத்தில், சித்திரவதை உங்களுக்கே, ஆடுகிறவராக, சங்கடம் என்றால் கேரக்டரின் பின்னால் ஒளியாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி நேராகச் சொல்லுங்கள். அது சபதத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

கேள்வி: பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் இதே மாதிரி ஆடலாமா?

அங்கே பெயர் சாம்பியன், மனநிலையும் வேறு. முதல் லெவலிலேயே ரியாக்‌ஷன் கிடைக்கிறது: 15 அடிக்குள் இருக்கும் எதிரி, 15 அடிக்குள் இருக்கும் உங்கள் நண்பரை அடித்தால் அந்தச் சேதத்தைக் குறைக்கலாம். அடிப்பதைவிட காப்பதில் ருசி கண்டவர்களுக்கு அதுதான் நல்ல இடம்.

கேள்வி: பாலடினின் டெக்ஸ்டெரிட்டியை (சுறுசுறுப்புப் புள்ளி) 8-இல் விட்டுவிடலாமா?

தாராளமாக. கனமான கவசம் அதைக் கேட்பதில்லை. இனிஷியேட்டிவில் (யார் முறை முதலில் என்ற வரிசை) பெரும்பாலும் பின்னால் வருவீர்கள், டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவும் கொஞ்சம் பலவீனமாகும். அப்புறம், வில் பக்கம் போகாதீர்கள்; ஜாவலின் எறிய ஸ்ட்ரெங்த் போதும், முதுகில் ஐந்து வைத்துக்கொள்ளுங்கள்.